பெகசஸ் உளவு மென்பொருள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இஸ்ரேலைச் சேர்ந்த என்எஸ்ஓ நிறுவனம் அரசுகளுக்கு விற்கும் உளவு மென்பொருள் பெகசஸ். போனுக்குள் புகுந்துவிட்டால் குறுஞ்செய்தி, படம், மைக், கேமரா, இருக்கும் இடம் எல்லாம் அதன் கைக்குப் போய்விடும். செய்தியாளர்கள், வழக்கறிஞர்களின் போன்களில் இப்படிப்பட்ட தடயம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மிஸ்டு கால் வந்தாலே போனுக்குள் உளவு மென்பொருள் இறங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா சார்? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ஒரு காலத்தில் உண்மை ஐயா. 2019 ஏப்ரல், மே மாதங்களில் வாட்ஸ்அப் அழைப்பில் இருந்த ஓட்டை வழியாகச் சுமார் 1,400 போன்களைக் குறிவைத்தார்கள். அழைப்பை எடுக்கவே வேண்டாம், மணி அடித்தால் போதும். அந்த ஓட்டையை வாட்ஸ்அப் அந்த மே மாதமே அடைத்துவிட்டது. அதோடு விடாமல் வழக்கும் போட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் என்எஸ்ஓதான் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. இப்போது தெரியாத எண்ணிலிருந்து உங்களுக்கு வரும் மிஸ்டு கால் பெரும்பாலும் பணம் பறிக்கும் கும்பலுடையது. அதற்குப் பயப்பட வேண்டிய காரணமே வேறு.

இது முதலில் எப்படி வெளியே வந்தது? (கல்லூரி மாணவி)

ஒரு மனிதர் லிங்கைத் தொடாமல் இருந்ததால் வெளியே வந்ததம்மா. அகமது மன்சூர், ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமைப் போராளி. 2016 ஆகஸ்டில் அவருடைய ஐபோனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அமீரகச் சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிப் புதிய ரகசியங்கள் என்று சொல்லி, கீழே ஒரு லிங்க். அவர் வாழ்நாள் முழுக்கத் தேடிய விஷயத்தையே தூண்டிலில் கோத்திருந்தார்கள். ஆனால் அதற்கு முன்பே இரண்டு முறை வேறு நிறுவனங்களின் உளவு மென்பொருள் அவரைத் தாக்கியிருந்தது. அதனால் அவர் லிங்கை அழுத்தவில்லை. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அப்படியே அனுப்பிவைத்தார்.

அவர்கள் தங்களிடம் இருந்த ஒரு ஐபோனில் அதைத் திறந்து பார்த்தார்கள். ஆப்பிளுக்கே தெரியாத மூன்று ஓட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தி மென்பொருள் உள்ளே இறங்கியது. ஆகஸ்ட் 25 அன்று ஆப்பிள் உலகம் முழுக்க அவசர அப்டேட் விட்டது. மன்சூரின் எச்சரிக்கையால் அன்று கோடிக்கணக்கான போன்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. மன்சூரையோ 2017 மார்ச்சில் கைது செய்தார்கள். சமூக வலைத்தளத்தில் எழுதியதற்காக 2018-ல் பத்தாண்டு சிறை. 2024-ல் இன்னொரு கூட்டு வழக்கில் மறுபடியும் தண்டனை. நம் போனில் வரும் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பின்னாலும் இப்படி யாராவது இருக்கலாம். எனக்கு அப்டேட் அறிவிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான் வரும்.

நான் சாதாரண ஆள். என்னை உளவு பார்த்து யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது? (வங்கி ஊழியர்)

அதிகம் வந்த கேள்வி இதுதான். உங்களை நேராக யாரும் குறிவைக்க மாட்டார்கள் என்பது அநேகமாகச் சரி. ஆனால் நீங்கள் எழுதியது உங்கள் போனில் மட்டுமா இருக்கிறது?

கனடாவில் தஞ்சம் புகுந்த சவூதி இளைஞர் ஒமர் அப்துல்அஜீஸ். 2018-ல் அவருக்கு, பார்சல் வருகிறது என்று கூரியர் நிறுவனத்தின் பெயரில் போலிக் குறுஞ்செய்தி வந்தது. தொட்டார், பெகசஸ் புகுந்தது. அவரோடு நம்பி வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தவர் சவூதி செய்தியாளர் ஜமால் கஷோகி. சவூதி அரசைப் பற்றி மனம் திறந்து கஷோகி எழுதியதெல்லாம் அப்துல்அஜீஸின் போனிலும் இருந்தது. அப்துல்அஜீஸின் போன் உளவு பார்க்கப்பட்டதை சிட்டிசன் லேப் அக்டோபர் 1 அன்று வெளியிட்டது. மறுநாள் இஸ்தான்புல் சவூதி துணைத் தூதரகத்துக்குள் கஷோகி கொல்லப்பட்டார். தன் மென்பொருளுக்கும் கொலைக்கும் தொடர்பில்லை என்கிறது என்எஸ்ஓ. நான் சொல்ல வருவது வேறு: ஒருவரின் போன் திறக்கும்போது அவரை நம்பிப் பேசிய அத்தனை பேரின் அந்தரங்கமும் சேர்ந்தே திறக்கிறது. உங்கள் மைத்துனர் வழக்கறிஞராக இருக்கலாம், பள்ளித் தோழி செய்தியாளராக இருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. கண்டுபிடித்த ஓட்டையை நிறுவனத்திடம் சொல்லாமல் மறைத்து வைத்தால்தான் உளவு பார்க்க முடியும். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ விண்டோஸில் அப்படி ஒரு ஓட்டையைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. அது களவு போய், 2017 ஏப்ரலில் இணையத்தில் வெளியானது. மே மாதம் அதே ஓட்டை வழியாக, கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை என்ற தீய மென்பொருள் தாக்கியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் கணினிகள் முடங்கி ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. அவர்களில் யாரை எந்த நாடு உளவு பார்த்தது? எல்லாரும் உங்களையும் என்னையும் போன்ற சாதாரண ஆட்கள்தான்.

லிங்கைத் தொடாமல் இருந்தால் போதுமா அண்ணா? (பாலிடெக்னிக் மாணவர்)

போதாது தம்பி. 2021-ல் ஆப்பிளின் ஐமெசேஜ் செயலிக்கு ஜிஃப் படம் போலப் பெயர் வைத்த கோப்பு வந்தது. உண்மையில் அது பிடிஎஃப். முன்னோட்டம் காட்டுவதற்காகப் போன் தானாகவே அதைத் திறக்கும், அந்த நொடியிலேயே காரியம் முடிந்துவிடும். பயனர் செய்த தவறு ஒன்றுமில்லை. அந்த ஓட்டையை ஆப்பிள் அதே ஆண்டு செப்டம்பரில் அடைத்தது.

வாட்ஸ்அப்பில் என்க்ரிப்ஷன் இருக்கிறதே, பிறகு எப்படிப் படிக்கிறார்கள்? (மென்பொருள் பொறியாளர்)

என்க்ரிப்ஷன், அதாவது செய்தியைப் பூட்டி அனுப்புவது, செய்தி போகும் வழியில் மட்டும்தான் காவல். பெகசஸ் உட்கார்ந்திருப்பது நீங்கள் படிக்கும் திரைக்குப் பின்னால். அதற்காக என்க்ரிப்ஷன் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். சால்ட் டைபூன் என்ற சீன உளவுக் குழு அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள்ளேயே புகுந்திருந்தது 2024-ல் தெரியவந்தபோது, என்க்ரிப்ஷன் உள்ள செயலிகளைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்க அதிகாரிகளே சொன்னார்கள்.

இந்தியாவில் விசாரணை என்ன ஆயிற்று? (வழக்கறிஞர்)

2021 ஜூலையில் பல நாட்டு ஊடகங்கள் சேர்ந்து, குறிவைக்கப்பட்டதாகக் கருதப்படும் எண்களின் பட்டியலைப் பற்றிச் செய்தி வெளியிட்டன. அதில் இந்திய எண்களும் இருந்தன. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிபுணர் குழு அமைத்தது. 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது இதுதான்: 29 போன்களில் ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகசஸ்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை. வாங்கினீர்களா இல்லையா என்ற எளிய கேள்விக்கே நேரான பதில் வரவில்லை. குடிமக்களுக்கு அந்தப் பதில் கிடைத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

போன் சூடாகிறது, பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. பெகசஸாக இருக்குமோ? (கடை உரிமையாளர்)

பேட்டரி பழையதாகியிருக்கும். இந்த வகை மென்பொருள் அப்படித் தன்னைக் காட்டிக்கொள்ளாது. நாங்கள் சோதிப்பது வேறு மாதிரி. போனை முழுசாக பேக்கப் எடுத்து, ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு இலவசமாகக் கொடுத்திருக்கும் எம்விடி என்ற கருவியில் ஓட விடுவோம். திரையில் வரி வரியாக ஓடும். போனில் ஓடிய நிரல்களின் பெயர்களில் 'பிஎச்' (bh) என்று இரண்டே ஆங்கில எழுத்தில் ஒன்று தென்பட்டால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம். பெகசஸ் விட்டுப்போன தடயங்களில் அதுவும் ஒன்று. ஒருமுறை ஒரு பெண் செய்தியாளரின் போனில் ஒன்றும் அகப்படவில்லை. "அப்படியென்றால் யாரும் கேட்கவில்லைதானே?" என்றார். தடயம் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

உளவு மென்பொருள் உங்களைக் குறிவைத்திருக்கிறது என்று ஆப்பிளிடமிருந்து எச்சரிக்கை வந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். பதற்றத்தில் போனை அழித்துவிடாதீர்கள், தடயமும் போய்விடும். இந்தச் சோதனை செய்யத் தெரிந்த வல்லுநரிடம் காட்டுங்கள்.

என் மகன் வெளிநாட்டில் செய்தியாளர். நான் என்ன செய்வது சார்? (ஒரு தாய்)

அம்மா, முதலில் உங்கள் போனையும் அவருடைய போனையும் இன்றே அப்டேட் செய்துவிடுங்கள். தினமும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இப்படிப்பட்ட மென்பொருள் பலவும் ரீஸ்டார்ட் ஆனால் நிலைப்பதில்லை, மறுபடி முதலிலிருந்து தாக்க வேண்டியிருக்கும். நீங்கள் இருவரும் பேசும் செய்திகள் தானாக அழியும்படி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மகனிடம் ஐபோன் இருந்தால் லாக்டவுன் மோடைப் போடச் சொல்லுங்கள். 2022-ல் வந்த வசதி, போனின் பல கதவுகளை மூடிவிடும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அதைப் போட்டபின் நீங்கள் ஆப்பிளின் ஃபேஸ்டைம் வீடியோ அழைப்பில் அழைத்தால் அவருக்குப் போகாமல் இருக்கலாம். பயந்துவிடாதீர்கள். முதலில் அவரை ஒருமுறை உங்களை அழைக்கச் சொல்லுங்கள், அப்புறம் 30 நாட்கள் வரை நீங்கள் அழைத்தாலும் போகும்.