மாதச் சாமான் 20-ம் தேதியே தீர்கிறதா?

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். கணவர், நான், பிளஸ் ஒன் படிக்கும் மகன் (16 வயது), எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் (13 வயது). சாப்பாட்டுக்கென்று மாதம் 16,000 ரூபாய் எடுத்து வைக்கிறோம். ஒன்றாம் தேதி மொத்தமாக மளிகை வாங்கியும் 20-ம் தேதி டப்பாக்கள் காலி. அதன்பிறகு தெருமுனைக் கடையிலும் செல்போன் செயலியிலும் துண்டு துண்டாக வாங்கி, கணக்கே தெரியாமல் போகிறது. வாரக் கணக்குக்கு மாறினால் சரிப்படுமா? எப்படிப் பிரிப்பது?

பதில்: சரிப்படும். ஆனால் பணத்தைப் பிரிப்பதற்கு முன் உங்கள் மளிகைச் சீட்டைப் பாருங்கள். அது பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது எழுதிய சீட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். குடும்ப அட்டையில் அதே நான்கு பெயர்கள்தான், சாப்பிடும் அளவுதான் வேறு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரி, பெண்ணுக்கு 1,660. உங்கள் மகனுக்கு 3,320. மகளுக்கு 2,400. எட்டு வருடம் முன்பு, அவர்கள் எட்டும் ஐந்துமாக இருந்தபோது, இருவருக்கும் சேர்த்து 3,060 போதும். இப்போது 5,720. வீட்டுக்கு இன்னொரு பெரிய ஆள் வந்து உட்கார்ந்ததற்குச் சமம். அப்பாவைவிட மகன் ஒன்றரை மடங்கு சாப்பிடுவது தீனிப்பண்டாரத்தனம் இல்லை, வயசு. பழைய அளவில் சாமான் வாங்கினால் 20-ம் தேதி தீர்வதுதான் இயற்கை.

புதிய அளவைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ரூபாயையும் நோட்டில் எழுத வேண்டியதில்லை. அதை யாரும் பத்து நாளைக்கு மேல் செய்வதில்லை. எண்ணெய், துவரம்பருப்பு, உளுந்து, இட்லி அரிசி, சர்க்கரை ஆகிய ஐந்தையும் திறக்கும்போது பாக்கெட்டின் மேல் பேனாவால் தேதி போடுங்கள். அடுத்த பாக்கெட் பிரிக்கும் நாளைப் பார்த்தால் எத்தனை நாளைக்கு வருகிறது என்று தெரிந்துவிடும். ஒரு மாதம் போதும். எண்ணெய் மட்டும் விதிவிலக்கு. அதில் உங்கள் பழக்கத்தை அளவாக வைக்காதீர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 27 முதல் 30 கிராம் என்று வைத்தால் நான்கு பேருக்கு மாதம் மூன்றரை முதல் நான்கு லிட்டர். அதற்கு மேல் போனால் பொரிக்கும் சட்டியைத்தான் விசாரிக்க வேண்டும்.

இனிப் பணம். 16,000-ஐ நான்கால் வகுத்து வாரம் 4,000 என்று வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. மாதத்துக்கு நான்கு வாரம் இல்லை, 4.3 வாரம். கடைசி இரண்டு நாள் அந்தரத்தில் நிற்கும், அங்கேதான் கடன் சீட்டு ஆரம்பிக்கும். முதலில் மாதக் கணக்கிலேயே இருக்க வேண்டியதைத் தனியாக எடுத்துவிடுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா வகைக்குச் சுமார் 5,400, பாலுக்கு 1,900 (தினம் ஒன்றரை லிட்டர்), ஆக 7,300. மீதி 8,700-ஐ 4.3-ஆல் வகுத்தால் வாரம் 2,000 ரூபாய் சொச்சம். உங்கள் வாரக் கணக்கு இந்த 2,000-க்கு மட்டும்தான். சிலிண்டர் இதில் சேராது.

அந்த 2,000-ஐ இப்படிப் பிரிக்கலாம்: காய், பழம் 800, முட்டை, கறி, மீன் 600, மாலைத் தீனி 350, கைக்காவல் (திடீர்ச் செலவுக்கு) 250. நான்கு கவர், அல்லது நான்கு சின்ன டப்பா. ஜிபே வசதி என்றாலும் காய்க்கும் தீனிக்கும் ரொக்கமாகவே வையுங்கள். பணம் குறைவதைக் கண் பார்க்க வேண்டும். விலை ஊருக்கு ஊர் மாறும், உங்கள் கடை விலையைப் போட்டு 50, 100 முன்பின் நகர்த்திக்கொள்ளுங்கள்.

உங்கள் பணம் ஒழுகும் ஓட்டை எது என்று கேட்டால், மளிகையைவிட மாலை நான்கரை மணி என்றுதான் சொல்வோம். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை பசியோடு வருகிறது, ஆறு மணிக்கு டியூஷன், வீட்டில் எதுவும் தயாராக இல்லை. பப்ஸ், நூடுல்ஸ், பரோட்டா. இரண்டு பேருக்கும் ஆளுக்கு 30 ரூபாய் என்றால்கூட ஆறு நாளில் 360. வாரத்தில் ஒரு நாள் செயலியில் ஆர்டர் போட்டால் அது தனி. ஆகவே மாலைச் சாப்பாட்டைத் தீனி என்று நினைக்காமல் நான்காவது வேளையாகத் திட்டமிடுங்கள்.

கால் கிலோ கறுப்புக் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்தால் மறுநாள் ஏறக்குறைய இரட்டிப்பாகி நான்கு பேருக்குச் சுண்டல் ஆகும். வேகவைத்த வேர்க்கடலை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அவல் உப்புமா, முட்டை தோசை என்று மாற்றி மாற்றி வர வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் சுண்டல் வைத்தால் நான்காம் நாள் பப்ஸ்தான், அதில் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. 350-இல் 200 ரூபாய் உங்களிடம் இருக்கட்டும், 150-ஐ திங்கட்கிழமை பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வெளியில் சாப்பிடுவது அவர்கள் பாடு. புதன்கிழமையே தீர்த்துவிட்டால் அடுத்த திங்கள் வரை கிடையாது. முதல் வாரம் கெஞ்சுவார்கள். அப்போது கைக்காவலில் கைவைத்தீர்களோ, திட்டம் அன்றோடு முடிந்தது.

மாவு வீட்டில் அரைப்பது இந்த வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பெரிய மிச்சம். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். ஞாயிறும் புதனும் அரைத்தால் வாரத்துக்கு ஆறு கிலோ. கடையில் அதை வாங்கும் பணத்தைவிடக் குறைவாகவே ஆகும். முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்து தோசை, புளித்த கடைசி மாவில் பணியாரம். ரேஷன் புழுங்கல் அரிசியைச் சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்று யாருக்கோ கொடுப்பவர்கள் அதை இட்லி அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். அரிசி அட்டை என்றால் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்பு வரும் நாளை விட்டுவிடாதீர்கள்.

அசைவக் கவரில் ஒரு தட்டு முட்டை (30), ஞாயிறு ஒரு கிலோ பிராய்லர், மீதிக்கு மத்தி மீன். இதில் ஒரு வழக்கத்தை மாற்றச் சொல்வோம். மகனுக்கு இரண்டு முட்டை, மகளுக்கு ஒன்று என்று வைக்கும் வீடுகள் அதிகம். கலோரியில் இருவருக்கும் 920 வித்தியாசம், சரி. புரதத்தில் மகனுக்கு 55 கிராம், மகளுக்கு 43 கிராம், வித்தியாசம் 12 கிராம்தான். மகனுக்குக் கூடுதலாக வைக்கும் சோறு, தோசை, வேர்க்கடலையிலேயே அது வந்துவிடும். முட்டையும் கறியும் சமமாகவே இருக்கட்டும். இரும்புச்சத்தோ மகளுக்குத்தான் அதிகம் வேண்டும்: 13 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 30 மில்லிகிராம், அதே வயதுப் பையனுக்கு 22. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை, மாதம் இரண்டு முறை ஈரல், சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பிட்டவுடன் டீ வேண்டாம், இரும்பு உடலில் சேர்வதை அது குறைக்கும்.

பாலில் கலக்கும் ஊட்டச்சத்துப் பொடியைச் சீட்டிலிருந்து முதலில் அடியுங்கள். பெரும்பகுதி மால்ட்டும் சர்க்கரையும்தான். அதன் விலைக்கு ஒரு தட்டு முட்டையே வந்துவிடும். ஆவின் பாலிலும் ஆரஞ்சு பாக்கெட்தான் சத்து என்று நினைக்க வேண்டாம். ஆரஞ்சில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. புரதமும் கால்சியமும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

காய்க்குத் தென்னூர் உழவர் சந்தை பக்கம் என்றால் சனிக்கிழமை காலை ஏழுக்குள் போய், விலைப் பலகையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மகனைப் பையோடு அனுப்பலாம், தக்காளி விலை அவனுக்கும் தெரியட்டும். வாங்கியதைக் கெடும் வரிசையில் சமைப்பதுதான் முக்கியம்: முதல் இரண்டு நாள் கீரை, வெண்டை, நடுவில் கத்தரி, அவரை, கோஸ், வியாழன், வெள்ளிக்குப் பூசணி, சேனை, உருளை. இந்த வரிசை தவறினால் 800 ரூபாய்க் காயில் 150 ரூபாய்க் காய் குப்பைக்குப் போகும். முகூர்த்த நாளுக்கு முன்தினம் காய் வாங்கப் போகாதீர்கள். புரட்டாசியில் விரதம் இல்லாத வீடு என்றால் கோழியும் முட்டையும் விலை இறங்கும், அப்போது காய்க் கவரிலிருந்து கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தலாம்.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது அடுப்பில் ஏற வேண்டிய சாமானுக்குத்தான் பொருந்தும். பிஸ்கட், மிக்சர் போலக் கையில் எடுத்துத் தின்பதைப் பெரிய பாக்கெட்டாக வாங்கினால் இரண்டே நாளில் தீரும். எண்ணெயிலும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் என்று நினைத்து எடுக்கும் சில பாக்கெட்டில் 800 மில்லிதான் இருக்கும். அப்படிப்பட்ட பாக்கெட்டில் கிராமுக்கு அல்லது மில்லிக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள், அதை ஆயிரத்தால் பெருக்கி ஒப்பிடுங்கள்.

கைக்காவல் 250 விருந்தாளிக்கும் திடீர் வெங்காய விலைக்கும். செலவாகாத வாரம் அதை அடுத்த வாரச் செலவில் கலக்காமல் தனி உண்டியலில் போடுங்கள். தீபாவளி மாதத்து எண்ணெய், கடலைமாவு, நெய்க்கு 16,000 எந்தக் கணக்கிலும் போதாது. அந்தப் பணம் அங்கிருந்துதான் வர வேண்டும்.