ஏரண்டெல் ஒத்த நட்சத்திரம்தானா?

சார் வணக்கம். ஏரண்டெல்னு ஒரு நட்சத்திரத்த ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி கண்டுபுடிச்சதா படிச்சேன். ஒரு எடத்துல 1290 கோடி ஒளியாண்டுன்னு இருக்கு, இன்னொரு எடத்துல 2800 கோடி. பிரபஞ்சத்துக்கே வயசு 1380 கோடி வருஷம்தானே? அவ்ளோ தூரத்துல ஒத்த நட்சத்திரம் எப்படி சார் தெரியும், ரீல் விடுறாங்களா?
ஆர்.

அன்புள்ள ஆர்,

தூரக் கணக்க மொதல்ல முடிச்சிருவோம். ஒளி கிளம்பி வந்து சேர 1290 கோடி வருஷம் ஆச்சு, அது வந்துட்டு இருக்கும்போதே நடுவுல வெளி விரிஞ்சுகிட்டே போனதால அந்த எடம் இப்ப 2800 கோடி ஒளியாண்டு தள்ளிப் போயிருச்சு. ரெண்டுமே சரி.

உங்க ரெண்டாவது சந்தேகம்தான் முக்கியமானது. ஹப்பிள் கண்ணாடி வெறும் 2.4 மீட்டர், அத மட்டும் வச்சு இது நடக்கவே நடக்காது. பாதி வேலைய, பாதி என்ன முக்காவாசி வேலைய, நடுவுல இருக்குற ஒரு கேலக்ஸி கூட்டம் செஞ்சிருச்சு. அதோட எடை பின்னாடி இருந்து வர்ற ஒளிய வளைச்சு அங்க இருந்த ஒரு கேலக்ஸிய நீளமா வில்லு மாதிரி இழுத்துக் காட்டுது. தொட்டித் தண்ணிக்கு அடியில வெயில் நெளிநெளியா கோடு போடும் பாருங்க, அந்தக் கோட்டுல மட்டும் வெளிச்சம் கண்ணக் கூசும், அப்படி ஒரு கோட்டுல ஏரண்டெல்ங்கற இந்தப் புள்ளி கச்சிதமா உக்காந்திருக்கு, அதனால ஆயிரக்கணக்கான மடங்கு பெருசாகி தெரியுது. ஒரு நட்சத்திரம் இன்னொண்ண இப்படிக் காட்டுறத நாம நேர்ல பாக்க வாய்ப்பில்லன்னு ஐன்ஸ்டைன் 1936ல எழுதினாரு, நட்சத்திரம் எதுக்கு, கேலக்ஸியே லென்ஸா வேலை செய்யுமேன்னு அடுத்த வருஷமே ஃப்ரிட்ஸ் ஸ்விக்கிங்கற வானியலாளர் சொல்லிட்டாரு. (மனுஷன் பல விஷயத்துல ரொம்ப முன்னாடியே யோசிச்சவரு.)

ரீல் இல்ல, ஆனா 'ஒத்த நட்சத்திரம்'னு செய்தியில போடுற தலைப்பு கொஞ்சம் ஓவர். 2022 மார்ச்ல அறிவிச்சப்பவே, இவ்ளோ பெருசாக்கியும் புள்ளியாவே தெரியுது, அப்ப ரொம்ப சின்ன எடம், அதனால ஒத்த நட்சத்திரமோ இல்ல ஒண்ணு ரெண்டு சேந்ததோ இருக்கலாம்னுதான் சொன்னாங்க. அப்புறம் ஹப்பிளுக்கு அடுத்து வந்த ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பாத்துச்சு, சூரியனவிட ரெண்டு மடங்குக்கு மேல சூடு, பக்கத்துல ஒரு துணை இருக்கலாம்னு பேச்சு வந்துச்சு. 2025ல வேற ஒரு குழு அதே வெப் எடுத்த நிறமாலைய (ஒளிய நிறம் நிறமா பிரிச்ச பதிவு) வச்சு, இது நட்சத்திரக் கொத்தாவும் இருக்கலாமேன்னு கேட்டிருக்காங்க. பந்தயம்னா நான் கொத்து மேலதான் கட்டுவேன். ஒத்த நட்சத்திரம்னா நடுவுல இருக்குற கேலக்ஸி கூட்டத்துல திரியுற நட்சத்திரங்க குறுக்க வரும்போது வெளிச்சம் ஏறி இறங்கணும், கொத்துன்னா அவ்வளவா அசையாது. ஹப்பிள் பாத்த வருஷங்கள்ல பெருசா ஒண்ணும் அசையல.