கொரிய ஹாக்வோன் வேலை: கையெழுத்துக்கு முன்

கனடா பாஸ்போர்ட், கொரியாவின் தேகு நகரில் ஒரு ஹாக்வோனில் (தனியார் பயிற்சி மையம்) ஆசிரியர் வேலை, மாதம் 24 லட்சம் வோன், வீடு இலவசம், 11 மாத ஒப்பந்தம், 3.3% பிடித்தம், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம்பளம் இருக்கட்டும். எனக்கு உறுத்துவது அந்த 11-ம் 3.3-ம்தான். ஒரு வருடம் முடித்தால்தான் குறைந்தது 30 நாள் சம்பளம் பணிக்கொடையாக வரும். 11 மாதத்தில் வழியனுப்பினால் அந்தப் பணம் மிச்சம், அவர்களுக்கு! 3.3% என்பது சுயதொழில் செய்பவருக்கான வரிப் பிடித்தம். உங்களை ஊழியராகவே காட்டப்போவதில்லை. தேசிய ஓய்வூதியத்தில் முதலாளி போடவேண்டிய பாதியும் போச்சு. கனடாக்காரர்கள் ஊர் திரும்பும்போது அதை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் உங்களுக்கு இது சின்ன நஷ்டமில்லை.

"வாரம் 30 மணி நேரம்" என்று போட்டிருக்கிறார்களே, அது கடிகார மணியா, வகுப்பு நேரமா? கடிகார மணியாக இருந்து, வகுப்பு 40 நிமிடம் என்றால் 45 வகுப்பு ஆகிவிடும். தொண்டை தாங்காது. ஊழியர் ஐந்து பேருக்குக் குறைவென்றால் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கும் சட்டப்படி கட்டாயமில்லை.

இ-2 விசாவில் (வெளிநாட்டு மொழி ஆசிரியர்களுக்கானது) நடுவில் வேறு இடம் மாற, பொதுவாக முதலாளியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். அதனால் இப்போது அங்கே இருக்கும் வெளிநாட்டு ஆசிரியரிடம் தனியாகப் பேசவேண்டும் என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.