சித்திரையில் பார்த்த வீட்டை ஐப்பசியில் ஒருமுறை பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோத்தகிரிப் பக்கம் எண்பது வருஷத்துப் பழைய வீடு ஒன்று மலிவாக வருகிறது, கல் சுவர், தகரக் கூரை, பின்னால் கொஞ்சம் தேயிலை. மூத்தவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்குப் பத்து மாதம். திருப்பூர் வீட்டைக் காலி செய்து, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் குடிவந்துவிட்டு, இருந்துகொண்டே ஒவ்வோர் அறையாகச் சரிசெய்யலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே பள்ளிக்கூடம், இன்டர்நெட், மளிகை, செலவு.

பள்ளிக்கூடம் நல்லதாகவே இருக்கிறது, நேரில் போய்ப் பாருங்கள். இன்டர்நெட் வரும், மழையில் போகும், திரும்ப வரும். மளிகைக்கு ஒரு குறையும் இல்லை. இதற்கெல்லாம் யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். அந்தப் பத்து மாதக் குழந்தை என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். 2006-ல் நாங்கள் அருப்புக்கோட்டையிலிருந்து இங்கே ஏறி வந்தபோது என் மகளுக்கு ஏழு மாதம், மகனுக்கு நாலு வயது. இவருக்குத் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் கணக்கு வேலை. நாங்களும் ஏப்ரலில்தான் வீட்டைப் பார்த்தோம், நாங்களும் இருந்துகொண்டே சரிசெய்யலாம் என்றுதான் நினைத்தோம்.

சித்திரையில் இந்த மலையில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். சுவர் காய்ந்திருக்கும், ஜன்னல் வழியே வெயில் விழும். ஜூன் மழையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம்தான் கொட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்கிலிருந்து வருவது. உங்கள் வீட்டுக்குப் பரீட்சை அப்போதுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு ஐப்பசி மழையில் அந்த வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால், ஏன் அவசரம் என்று யோசியுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த முதல் மழைக்கு ஏழு இடத்தில் ஒழுகியது. அறைக்கு மேலே மரத் தட்டு (சீலிங்), அதற்கு மேலே தகரம் என்று இருப்பதால் ஒழுகும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறொன்று. தொட்டிலை நகர்த்தி நகர்த்தி ஒரு ராத்திரி போனது. பகலில் தட்டுக்கு மேலே ஏறி, கதவை மூடி இருட்டாக்கிக்கொண்டு பார்த்தால் ஆணி ஓட்டைகளெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம் காட்டும். நானே ஏறி சாக்பீஸால் வட்டம் போட்டேன், அறுபத்து மூன்று. தகரத்தின் பள்ளத்தில் ஆணி அடித்திருந்தார்கள். தண்ணீர் ஓடுவதே அந்தப் பள்ளத்தில்தானே? மேட்டில்தான் ஆணி அடிக்க வேண்டும், வாஷர் போட்டு. நீங்கள் பார்க்கும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டுபோங்கள். கைமரம், அதாவது தகரத்தைத் தாங்கும் சாய்வு மரம், சுவரில் போய் உட்காரும் முனையில் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த மரம் உளுத்துவிட்டது. நடுவில் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

அப்புறம் சுவர். இந்த வீடுகள் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி மேலே சுண்ணாம்பு பூசியவை. சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கீழேயிருந்து அழைத்து வந்த ஒரு கான்ட்ராக்டர் எங்களுக்கு அதைத்தான் செய்தார். வழவழவென்று சிமென்ட் பூசி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பெயின்ட். மூன்றாம் மாதம் படுக்கையறைச் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, கொப்புளம் கொப்புளமாக உப்பி, பாளம் பாளமாக விழுந்தது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம். என் மகளுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க இருமல். மேட்டுப்பாளையம் இறங்கவே 33 கிலோமீட்டர், அதன் பிறகு கோயம்புத்தூர். இருமுகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்த வளைவுகளில் எத்தனை தடவை இறங்கினேன்! இன்று ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நீங்கள் அந்த அளவுக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் ஓதம் ஏறிய அறையில் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

அந்தச் சிமென்டை உடைத்தெடுத்துச் சுண்ணாம்பு பூசிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஐயா. 1964-ல் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களில் ஒருவர். அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, முப்பது வயதில் இங்கே வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே கொத்து வேலை கற்றவர். சுண்ணாம்பை நீற்றி நாள்கணக்கில் ஊறப் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் குழைப்பார். தை பிறந்த பிறகுதான் கரண்டியைத் தொடுவார். "மழையில பூசினா மழைக்குத்தாம்மா பூசினது" என்பார். அவரிடம் கேட்காமல் கீழேயிருந்து ஆள் கூட்டி வந்தது நாங்கள் செய்த பெரிய தப்பு. பழைய சுவர் எப்படி நிற்கிறது என்று பார்க்க ஆசையிருந்தால் கோத்தகிரி பக்கத்துக் கண்ணேரிமுக்கில், வெள்ளைக்காரர் காலத்துக் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய வீட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், குழந்தைகளோடு ஒருமுறை போய் வாருங்கள்.

உங்கள் மனைவியிடம், என் தங்கச்சி மாதிரி நினைத்து, சொல்ல வேண்டியவை இரண்டு. முதலாவது பழைய பெயின்ட். ஜன்னல் சட்டங்களில் அடுக்கடுக்காக எனாமல் இருக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை உலர்வாகச் சுரண்டினால் தூள் தரையில் படியும். தவழுகிற குழந்தையின் கை தரையிலிருந்து நேராக வாய்க்குத்தான் போகும். நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள், அந்த நாள்களில் குழந்தைகள் வீட்டிலேயே இருக்கக் கூடாது. "ஒவ்வோர் அறையாக" என்ற உங்கள் திட்டம் எனக்குப் பிடிக்காததற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது கரி. அந்த டிசம்பரில் குழந்தைத் துணி எதுவும் காயவில்லை. இரும்புச் சட்டியில் கரி மூட்டி, மேலே கூடையைக் கவிழ்த்துத் துணி காயப் போட்டேன். குளிராக இருந்ததால் சட்டியைப் படுக்கையறையிலேயே வைத்து, கதவு ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணி அடைத்துவிட்டுப் படுத்தோம். நடுராத்திரி எனக்குத் தலை பிளப்பதுபோல் வலித்தது, எழுந்தால் கால் நிற்கவில்லை. குழந்தையைத் தூக்கினேன், துணி மாதிரித் துவண்டு கிடந்தாள். எப்படியோ கதவைத் திறந்து கத்தியிருக்கிறேன். ஐயாவின் மனைவி ஓடி வந்து ஜன்னல்களைத் திறந்து, சட்டியை வெளியே வீசி, பிள்ளைகளை வாசலில் பனிக்காற்றில் நிறுத்தினார். கம்பளியில் சுற்றி அவர் நெஞ்சோடு அணைத்திருந்தபோது என் மகள் அழ ஆரம்பித்தாள். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. மூடிய அறையில் கரி மூட்டிவிட்டுத் தூங்கி இறந்துபோனவர்களைப் பற்றி இப்போதும் கேள்விப்படுகிறோம், அநேகமாகக் கீழேயிருந்து வருபவர்கள்தான். கணப்பு இருக்கும் அறையிலும் புகைபோக்கியைச் சுத்தம் செய்து பார்த்த பிறகுதான் நெருப்பு மூட்ட வேண்டும்.

ஒயரிங் முழுவதும் புதிதாகப் போடுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். சமையலறைக் கதவு கெட்டியாக இருக்கட்டும். எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும், எங்கள் வீட்டில் ஒரு டின் நல்லெண்ணெயைத் தூக்கிப் போயிருக்கிறது. கூரைமேல் சாய்ந்த மரமிருந்தால் உங்கள் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. 1955-ம் வருஷச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். ஜேசிபி இறக்கவும் அனுமதி வேண்டும். செலவு? நாங்கள் நாலு லட்சம் என்று நினைத்தோம், அந்தக் காலத்திலேயே ஒன்பது ஆனது. உங்கள் கணக்கை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அனுமதி என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இப்போது பெரிய ஊர்களிலிருந்து வந்து வாங்குபவர்கள் பலர் முதலில் செய்வது, கார் நிறுத்த வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மேட்டைச் செங்குத்தாக வெட்டுவது. அடுத்தது கண்ணாடிச் சுவர். வருஷத்தில் இருபது நாள் தங்கிவிட்டு, உள்ளூர் ஆட்களுக்கு வேலை தெரியவில்லை என்று பேசுவார்கள். பூட்டிக் கிடக்கும் வீடு அவர்களுடையது, அதன் மேட்டிலிருந்து மண் சரிவது கீழே குடியிருப்பவர் தலையில். நீங்கள் அப்படி வரவில்லை, பிள்ளைகளோடு வாழ வருகிறீர்கள். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். படகர் வீட்டுப் பெரியவர்களோடு பழகுங்கள், அந்தச் சரிவில் எங்கே ஊற்று எடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நான் இரண்டு வருஷத்தில் அவர்கள் மொழியான படுகு பேசக் கற்றுக்கொண்டேன். இன்று அவர்களுடைய ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எங்களைக் கூப்பிடாத வீடு பக்கத்து ஹட்டியில் (படகர் ஊரில்) இல்லை.

வீட்டுக்குப் பின்னால் மேட்டை ஒட்டி ஒரு வாய்க்கால் இருந்தது, புதர் மூடிக் கிடந்ததால் எங்களுக்கு அது தெரியவே இல்லை. ஐயாதான் கண்டுபிடித்தார். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்தித் திறந்தார். சுவரில் ஓதம் ஏறியதற்குப் பாதிக் காரணம் அந்த அடைப்புதான். ஒவ்வொரு புரட்டாசிக் கடைசியிலும் வந்து நிற்பார், வாய்க்காலை வெட்டிவிட்டோமா என்று பார்க்க. 2009 நவம்பர் இரண்டாம் வாரம் இந்த மாவட்டத்தில் மழை கொட்டி நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண் சரிவில் இறந்துபோனார்கள். அந்த ராத்திரி கரண்டு இல்லை. ஐயாவும் அவர் மனைவியும் எங்கள் முன்னறையில் எங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். தகரத்தின் மேல் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. ஐயா மட்டும் மணிக்கொரு தரம் டார்ச்சும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு பின்னால் போய் வந்தார். இவரும் கூடப் போனார். விடிந்து பார்த்தால் வாய்க்கால் விளிம்பு வரை செம்மண் குழம்பு, சுவரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஐயா திண்ணையில் உட்கார்ந்து காலிலிருந்த சேற்றை வழித்துப் போட்டுவிட்டு, இஞ்சி தட்டி டீ போடச் சொன்னார்.

அவர் போய் ஆறு வருஷமாகிறது. வாய்க்காலை இப்போது என் மகன் வெட்டுகிறான்.

நீங்கள் அனுப்பிய நாலு போட்டோவும் வீட்டின் முன்பக்கம். பின்பக்கச் சுவரையும், அதற்குப் பின்னாலிருக்கும் மேட்டையும், தட்டுக்கு மேலே தகரத்தின் அடியையும் எடுத்து அனுப்புங்கள். குழந்தைகளைத் தை மாதம் வரை திருப்பூரிலேயே வைத்திருங்கள்.