ஃபுளோரிடாவில் எண்ணப்படாமல் போனவை

சென்ற இதழில் அமெரிக்கத் தேர்தல் முறை பற்றிய கேள்வி ஒன்றுக்கு விடை எழுதியபோது, 2000-ஆம் ஆண்டில் ஃபுளோரிடா மாநிலம் வாக்களித்த கதையை இரண்டு வரிகளில் தொட்டிருந்தேன். அதைப் பற்றியே கடிதங்கள் தொடர்ந்து வருவதால் இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

“நாடு முழுவதும் அதிக வாக்கு வாங்கியவர் அல் கோர். ஆனால் அதிபரானவர் ஜார்ஜ் புஷ். ஒரே ஒரு மாநிலத்தின் 537 வாக்குகள் எப்படி இதைச் செய்தன?” (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

அமெரிக்கர்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்கள் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. மிகச் சில மாநிலங்கள் தவிர மற்றவற்றில், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றாலும் அத்தனை தேர்வாளர்களும் அவருக்கே. 2000 நவம்பர் 7 அன்று நடந்த தேர்தலில் நாடு முழுவதும் கோர் 5 லட்சத்து 43 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் முன்னிலை பெற்றார். ஆனால் வெற்றிக்குத் தேவை 270 தேர்வாளர்கள். ஃபுளோரிடாவைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் புஷ்ஷுக்கு 246 பேர்தான். கோரும் 270-ஐ எட்டவில்லை. ஃபுளோரிடாவின் 25 பேர் யார் பக்கமோ அவரே அதிபர். அங்கே புஷ் 29,12,790, கோர் 29,12,253. நியூ மெக்சிகோவில் வித்தியாசம் இதைவிடக் குறைவு, 366 வாக்குகள்தான். அங்கே வென்றவர் கோர். ஐந்து தேர்வாளர்களே உள்ள மாநிலம் என்பதால் அதை இன்று யாரும் பேசுவதில்லை.

“அன்று இரவு தொலைக்காட்சிகள் முடிவை மாற்றி மாற்றிச் சொன்னதாகப் படித்தேன். உண்மையா?” (வாசகி, கும்பகோணம்)

உண்மை. இரவு எட்டு மணி ஆவதற்குள் கோர் வென்றுவிட்டதாக அறிவித்தார்கள். ஃபுளோரிடாவின் மேற்கு ஓரத்து மாவட்டங்கள் ஒரு மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்தைப் பின்பற்றுபவை. அங்கே அப்போது வாக்குப்பதிவே முடியவில்லை. இரவு பத்து மணிவாக்கில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதிகாலை இரண்டேகால் மணிக்கு புஷ் வென்றார் என்றார்கள். கோர் அவருக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, தோல்வியை ஏற்று உரையாற்ற நாஷ்வில் நகரில் புறப்பட்டார். வழியிலேயே வித்தியாசம் கரைந்துகொண்டிருப்பதாகத் தகவல் வர, மீண்டும் அழைத்து வாழ்த்தைத் திரும்பப் பெற்றார்.

இதில் என்னை உறைய வைத்தது வொலூசியா கவுண்டியின் கணக்கு. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. ஃபுளோரிடாவில் 67 உண்டு. வொலூசியாவில் சில நூறு பேர் மட்டுமே வாக்களித்த ஒரு வாக்குச்சாவடியின் கணக்கு, நினைவக அட்டைக் கோளாறால், கோருக்குக் கழித்தல் 16,022 என்று ஏறியது. ஒருவர் பெற்ற வாக்கு எப்படிச் சுழியத்துக்குக் கீழே போகும்? பிழையை அன்றிரவே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள். அதற்குள் அந்த எண்ணையும் சேர்த்துத்தான் நாடெங்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வண்ணத்துப்பூச்சி வாக்குச்சீட்டு என்கிறார்களே, அது என்ன?” (அஞ்சல் துறை ஊழியர், நாமக்கல்)

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். பாம் பீச் கவுண்டியில் முதியவர்கள் அதிகம். பத்து அதிபர் வேட்பாளர்களின் பெயர்களை ஒரே பக்கத்தில் அடுக்கினால் எழுத்து பொடியாகிவிடும் என்று கவலைப்பட்டார் அங்கிருந்த தேர்தல் மேற்பார்வையாளர். அவர் கோரின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். முதியவர்களுக்கு உதவும் எண்ணத்தில் பெயர்களைப் பெரிய எழுத்தில், எதிரெதிரான இரண்டு பக்கங்களில் அச்சிட்டார். துளையிடும் இடங்கள் மட்டும் நடுவில் ஒரே வரிசையில் இருந்தன.

இடப்பக்கத்தில் முதல் பெயர் புஷ், அதற்குக் கீழே கோர். வலப்பக்கத்தில் முதல் பெயர் பாட்ரிக் புக்கானன் என்ற தீவிர வலதுசாரி வேட்பாளர். நடுவிலிருந்த துளைகளில் முதலாவது புஷ்ஷுக்கு, இரண்டாவது புக்கானனுக்கு, மூன்றாவது கோருக்கு. இடப்பக்கத்தை மட்டும் பார்த்து, ‘கோர் இரண்டாவது பெயர், ஆகவே இரண்டாவது துளை’ என்று நினைத்தவரின் வாக்கு புக்கானனுக்குப் போய்விட்டது.

அந்த ஒரு கவுண்டியில் புக்கானன் 3,400 வாக்குகள் பெற்றார். பக்கத்திலுள்ள பிரோவர்டு அதைவிடப் பெரிய கவுண்டி. அங்கே அவருக்கு எண்ணூறுகூட இல்லை. மியாமி-டேடில் அறுநூறை எட்டவில்லை. கோருடன் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர் ஜோ லீபர்மன். பெரிய கட்சி ஒன்று அந்தப் பதவிக்கு நிறுத்திய முதல் யூதர் அவர். பாம் பீச்சின் யூத முதியவர்கள் அந்தப் பெருமிதத்தோடுதான் வரிசையில் நின்றார்கள். அவர்கள் புக்கானனைத் தேடிப் போய் வாக்களித்திருப்பார்கள் என்று புக்கானனே நம்பவில்லை. அந்த வாக்குகளில் பெரும்பாலானவை தனக்கு உரியவை அல்ல என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன்.

தவறாகத் துளைத்ததை உடனே உணர்ந்து, கோருக்கும் சேர்த்துத் துளைத்தவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். இரண்டு துளை என்றால் செல்லாது. இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் விழுந்ததால் அந்தக் கவுண்டியில் தள்ளப்பட்ட சீட்டுகள் 19,000-க்கும் மேல். மறுவாக்குப்பதிவு கேட்டவர்களின் வழக்கு நிற்கவில்லை. எந்த மறு எண்ணிக்கையாலும் இந்தத் தவறைச் சரிசெய்ய முடியாது. முடிவான வித்தியாசம் 537 என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்களைத் திரும்பப் பாருங்கள்.

“அம்மா, எழுதியிருப்பதைப் படித்து ஒழுங்காக வாக்களிக்கத் தெரியாவிட்டால் அது வாக்காளரின் குற்றம்தானே? அரசு என்ன செய்யும்?” (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கோயம்புத்தூர்)

இல்லை ஐயா. இந்தக் கருத்தை நான் முழு மனத்தோடு மறுக்கிறேன்.

இரண்டு கவுண்டிகளைச் சொல்கிறேன். லியோன், கேட்ஸ்டன். இரண்டும் அடுத்தடுத்து இருப்பவை. இரண்டிலும் வாக்காளர்கள் தாளில் குறியிட்டார்கள், இயந்திரம் அதை வருடிப் படித்தது. லியோனில் அந்த இயந்திரம் வாக்குச்சாவடியிலேயே இருந்தது. ஒருவர் இரண்டு பெயரில் குறியிட்டால் அங்கேயே தாளைத் திருப்பிக் கொடுத்துவிடும்; அவர் புதிய தாள் வாங்கிச் சரியாகக் குறிக்கலாம். அங்கே செல்லாத வாக்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கேட்ஸ்டனில் தாள்களையெல்லாம் ஓரிடத்துக்குக் கொண்டுபோய்ப் பிறகு எண்ணினார்கள். தவறு செய்தவருக்கு அது தெரியவே வராது. அங்கே செல்லாமல் போனவை நூற்றுக்குப் பன்னிரண்டு. ஃபுளோரிடாவில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரே கவுண்டி அது.

டூவல் கவுண்டியில் இன்னொரு கொடுமை. வேட்பாளர் பட்டியல் இரண்டு பக்கங்களுக்கு நீண்டது. முன்கூட்டி வெளியிட்ட மாதிரிச் சீட்டிலோ எல்லாப் பக்கத்திலும் வாக்களிக்கச் சொல்லி அறிவுறுத்தல் இருந்தது. சொன்னபடி செய்தவர்களின் வாக்கு செல்லாமல் போயிற்று. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் இப்படிக் கழிந்தன. ஜாக்சன்வில் நகரின் கறுப்பினக் குடியிருப்புகளில்தான் அடி அதிகம்.

அமெரிக்காவின் குடிமை உரிமைகள் ஆணையம் 2001-இல் விசாரித்து அறிக்கை தந்தது. கறுப்பின வாக்காளர்களின் சீட்டுகளில் நூற்றுக்கு 14.4 தள்ளப்பட்டன, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 1.6. இவை போக, முன்னாள் குற்றவாளிகளை நீக்குவதாகச் சொல்லித் தயாரித்த பட்டியலில் பெயர் ஏறத்தாழ ஒத்திருந்தாலே சேர்த்துவிட்டதால், குற்றமே செய்யாத பலர் வாக்குச்சாவடி வரை வந்து திரும்பினார்கள். படிக்காதவர்களின் குற்றம் என்று இதையெல்லாம் எப்படிச் சொல்ல மனம் வரும்?

“காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக் கண்ணை அகல விரித்து ஒருவர் பார்க்கும் படம் பிரபலமாயிற்றே. எதைத் தேடினார்?” (புகைப்படக் கலைஞர், புதுச்சேரி)

துளையிடும் அட்டையில், குச்சியால் குத்தும்போது ஒரு சிறு காகிதத் துணுக்கு உதிர வேண்டும். உதிராமல் ஒரு மூலையில் தொங்கினால் இயந்திரம் அதைத் துளையாகப் படிக்காது. சில அட்டைகளில் துணுக்கு அசையவே இல்லை, பள்ளம் மட்டும் விழுந்திருந்தது. பிரோவர்டு கவுண்டியின் மறு எண்ணிக்கைக் குழுவில் இருந்த நீதிபதி அந்தப் பள்ளத்தைத்தான் தேடினார். இயந்திரத்தின் கண்ணில் வாக்கே இல்லாத சீட்டுகள் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 61,000.

வாக்காளரின் நோக்கம் தெளிவாகத் தெரிந்தால் வாக்கு செல்லும் என்பது ஃபுளோரிடா சட்டம். நம் சட்டமும் அதுதான். மின்னணு இயந்திரம் வருவதற்கு முன், பள்ளி ஆசிரியை என்ற முறையில் நான் வாக்கு எண்ணும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். முத்திரை மங்கலாக விழுந்திருக்கும், ஒரே சின்னத்தில் இரண்டு முறை விழுந்திருக்கும், சீட்டை மடித்ததால் மை எதிர்ப்பக்கம் ஒட்டியிருக்கும். நோக்கம் தெரிந்தால் தள்ளக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு சீட்டைச் செல்லாத கட்டில் வைக்கும் முன் கட்சி முகவர்கள் இருவரும் மேசைமேல் குனிந்து பார்ப்பார்கள். அந்த வேலையைக் கேலி செய்பவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அந்த நீதிபதியின் படத்தைப் பலர் வேடிக்கையாகப் பகிர்ந்தார்கள். ஒரு குடிமகனின் ஒற்றை வாக்குக்காக ஒரு மனிதர் கண்ணைச் சிவக்கவைத்துக்கொண்டார் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

குறை எங்கே என்றால், எந்த அளவு பள்ளம் போதும் என்பதில் கவுண்டிக்குக் கவுண்டி அளவுகோல் வேறுபட்டது. பாம் பீச்சில் எண்ணிக்கையின் நடுவிலேயே அளவுகோலை மாற்றினார்கள்.

“நீதிமன்றம் ஏன் எண்ணிக்கையை நிறுத்தியது?” (சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

கோர் தரப்பு நான்கு கவுண்டிகளில் மட்டும் கையால் எண்ணும்படி கேட்டது. நான்கும் அவருக்குச் சாதகமானவை. என் பார்வையில் அது பெரும் பிழை. மாநிலம் முழுவதையும் கேட்டிருக்க வேண்டும். மியாமி-டேடில் புஷ் ஆதரவாளர்கள் அலுவலகத்துக்குள்ளேயே கூச்சலிட்ட நவம்பர் 22 அன்று எண்ணிக்கை கைவிடப்பட்டது. ஏறத்தாழ 9,000 சீட்டுகள் அப்படியே நின்றன. பாம் பீச் கணக்கை ஒப்படைக்கும் கெடுவைச் சில மணி நேரம் தவறவிட்டதால் அதன் கணக்கும் ஏற்கப்படவில்லை. நவம்பர் 26 அன்று 537 வித்தியாசத்தில் முடிவுக்குச் சான்றளித்தவர் மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ். புஷ்ஷின் ஃபுளோரிடா பிரசாரத்துக்கு இணைத் தலைவரும் அவரே. மாநில ஆளுநர் ஜெப் புஷ், வேட்பாளரின் தம்பி. இப்படி ஓர் ஏற்பாட்டை எந்த நாடும் அனுமதிக்கக் கூடாது.

டிசம்பர் 8 அன்று ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம், இயந்திரம் படிக்காத சீட்டுகளை மாநிலம் முழுவதும் எண்ணச் சொன்னது. மறுநாளே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தடை விதித்தது. டிசம்பர் 12 இரவு இறுதித் தீர்ப்பு வந்தது. ஒரே சீரான அளவுகோல் இல்லை என்பதில் ஏழு நீதிபதிகள் குறை கண்டார்கள். ஆனால் ஐவர், தேர்வாளர்கள் குறித்த சர்ச்சைகளைத் தீர்ப்பதற்கான கெடு அன்று நள்ளிரவோடு முடிவதால் இனி எண்ண நேரமில்லை என்று முடித்துவிட்டார்கள். தேர்வாளர்கள் கூடும் டிசம்பர் 18 வரை நேரம் தந்து, அளவுகோலை வகுத்து எண்ணச் சொல்லலாம் என்று நீதிபதிகள் சூட்டரும் பிரேயரும் வாதிட்டார்கள். எனக்கு அவர்கள் சொன்னதே நியாயமாகப் படுகிறது. மூன்று நாள் தடை போட்டு நேரத்தைச் செலவழித்த நீதிமன்றமே நேரமில்லை என்று சொன்னதை, மகளே, நீ வழக்கறிஞராகும்போது மறக்காதே. மறுநாள் கோர் தோல்வியை ஏற்றார்.

“ரால்ஃப் நேடர் நிற்காவிட்டால் கோர் வென்றிருப்பாரா?” (வாசகர், ஈரோடு)

ஃபுளோரிடாவில் பசுமைக் கட்சி வேட்பாளர் நேடருக்கு 97,488 வாக்குகள். அதில் சிறு பங்கு கோருக்கு வந்திருந்தாலே போதும் என்பது கணக்கு. ஆனால் தேர்தலில் நிற்பது அவர் உரிமை.

“சரி, உண்மையில் வென்றது யார்?” (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

2001-இல் செய்தி நிறுவனங்கள் சேர்ந்து சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தைக் கொண்டு, செல்லாமல் போன ஏறத்தாழ 1,75,000 சீட்டுகளையும் ஆராய வைத்தன. கோர் கேட்ட நான்கு கவுண்டிகளை மட்டும் எண்ணியிருந்தால் புஷ்ஷே வென்றிருப்பார். மாநிலம் முழுவதும் தள்ளப்பட்ட எல்லாச் சீட்டுகளையும், இரண்டு குறி விழுந்தவை உட்பட, எண்ணியிருந்தால் இருநூறுக்கும் குறைவான வாக்குகளில் கோர் முந்தியிருப்பார். அந்த எண்ணிக்கையை இருவருமே கேட்கவில்லை.

எனக்கு 537-ஐவிட அந்த 1,75,000 தான் பெரிய எண். விடுப்புச் சொல்லி, வரிசையில் நின்று, குத்திவிட்டு வந்தவர்கள் அத்தனை பேர்.

“அந்தத் துளை அட்டைகள் இன்னும் புழக்கத்தில் உண்டா?” (தொழிற்பயிற்சி ஆசிரியர், ஓசூர்)

இல்லை. 2001-இலேயே ஃபுளோரிடா அவற்றைச் சட்டப்படி ஒழித்தது. பல கவுண்டிகள் தொடுதிரை இயந்திரங்களுக்கு மாறின. 2006-இல் சாரசோட்டா கவுண்டியில் நாடாளுமன்ற உறுப்பினர் தேர்தலில் அந்தத் திரைகளில் வாக்களித்தவர்களில் 18,000 பேருக்கும் மேல் அந்தப் போட்டியில் யாரையும் தேர்ந்தெடுக்காததாகக் கணக்கு வந்தது. வெற்றி வித்தியாசம் 369. சரிபார்க்கத் தாளே இல்லை. மறு ஆண்டே மாநிலம் தாளுக்குத் திரும்பச் சட்டம் செய்தது. பிறகு 2018-இல் பிரோவர்டு கவுண்டி, செனட் போட்டியைத் தாளின் இடப்பக்க ஓரத்தில், நீண்ட அறிவுறுத்தல்களுக்குக் கீழே அச்சிட்டது. ஆயிரக்கணக்கானோர் அதைக் காணாமலே அடுத்த பத்திக்குப் போய்விட்டார்கள். அந்தக் கவுண்டியில் மட்டும் 25,000 பேரளவில் மற்றப் பதவிகளுக்கு வாக்களித்துவிட்டு செனட்டை வெறுமையாக விட்டார்கள். மாநிலம் முழுவதும் முடிவைத் தீர்மானித்த வித்தியாசம் 10,033.