பல் அடைப்புப் பொருள்கள் ஈறுத் திசுவின் நொதிகளை எவ்வாறு பாதிக்கின்றன?

நொதி என்பது உடலில் நடக்கும் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். ஈறுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் நார்ப்புரதம். பழைய நாரை அறுத்து அகற்றப் பயன்படும் நொதிகளுள் முக்கியமானது எம்எம்பி-8. இதைப் பெரும்பாலும் நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்களே சுமந்து வருகின்றன.

அடைப்புப் பொருள் இந்த நொதியைத் தூண்டுவது பெரும்பாலும் சுற்றுவழியில்தான். தரையும் சுவரும் சேரும் மூலையில் சிமெண்ட் பிதுங்கி நின்றால் துடைப்பம் எட்டாமல் அழுக்குச் சேர்வதைப் போல, ஈறுக்கோட்டுக்குக் கீழே துருத்தி நிற்கும் அடைப்பின் விளிம்பில் கிருமிப்படலம் படிகிறது. அதை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்கள் எம்எம்பி-8ஐ அளவுக்கு மீறி வெளியிடுவதால், பற்களைத் தாங்கும் நார்களும் சேர்ந்தே சிதைகின்றன. அடைப்புப் பொருளே செல்களை நேரடியாகப் பாதிக்கும் வழியும் உண்டு: பல் நிறக் கலவைப் பிசின் நீல ஒளியில் முழுதாக இறுகாவிட்டால், அதிலிருந்து கசியும் ஹீமா, டெக்டிஎம்ஏ என்னும் இறுகாத பிசின் மூலக்கூறுகள் செல்களின் காப்புப் பொருளான குளுட்டாதையோனைக் குறைக்கின்றன என்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்தது. ஆயினும், என் கணிப்பில், நடைமுறையில் விளிம்பின் வழவழப்பே பெரிது.

வெள்ளி நிற அடைப்பில் பாதி எடை பாதரசம் என்பதால் ஈறு வீக்கத்துக்கு அதுவே காரணம் என்று பலர் கருதினாலும், பெரும்பாலும் குற்றவாளி சீரற்ற விளிம்பே; அது பல் நிற அடைப்பிலும் நேரும்.