தடுமாறி விழுவதையும் பேசி வைத்தார்களா?

கேள்வி: அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் இருபது, முப்பது புள்ளி பின்தங்கிய அணிகூடக் கடைசியில் ஜெயித்துவிடுகிறதே! டி.வி. பரபரப்புக்காக முன்கூட்டியே பேசி வைத்து ஆடுகிறார்களோ?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 2004 டிசம்பர் 9, ஹூஸ்டன். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியிடம் உள்ளூர் அணியான ராக்கெட்ஸ் 68-76 என்று தோற்றுக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது முக்கால் நிமிடத்துக்கும் குறைவு. உள்ளூர் ரசிகர்கள் பலர் எழுந்து போய்விட்டார்கள். ராக்கெட்ஸின் ட்ரேசி மெக்ரேடி தூரத்திலிருந்து எறிந்தார், மூன்று புள்ளி. அடுத்த முறை எறியும்போது ஸ்பர்ஸின் டிம் டங்கன் வந்து இடித்தார். பந்தும் கூடையில் விழுந்தது, இடித்ததற்குத் தண்டனையாக ஃப்ரீ த்ரோவும் (யாரும் தடுக்காமல் எறியும் ஒரு புள்ளி வாய்ப்பு) கிடைத்தது, ஆக நான்கு. அப்புறம் ஸ்பர்ஸின் புரூஸ் போவன் ஒட்டிக்கொண்டு நின்றும் இன்னொரு மூன்று. இத்தனைக்கும் நடுவில் கிடைத்த நான்கு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைக்கூட ஸ்பர்ஸ் கோட்டை விடவில்லை. 80-78, சுமார் 11 விநாடி, பந்து ஸ்பர்ஸ் கையில். டெவின் பிரவுன் கால் தடுமாறிப் பந்தை நழுவவிட, மெக்ரேடி அள்ளிக்கொண்டு ஓடி, 1.7 விநாடி இருக்கும்போது மறுபடி மூன்று போட்டார். 81-80. ஐயா, இதில் எதைப் பேசி வைப்பது?

காரணம் விதிமுறையில் இருக்கிறது. முன்னிலையில் இருப்பவர்கள் பந்தை வைத்துக்கொண்டு நேரம் கடத்த முடியாது. 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். இது 1954 முதல் இருக்கும் விதி. கடைசி 2 நிமிடங்களில் கூடை விழுந்தாலே கடிகாரம் நிற்கும். நிற்காவிட்டால் பின்தங்கியவர்கள் வேண்டுமென்றே எதிராளியை இடித்துப் பவுல் (விதிமீறல்) செய்து நிறுத்துவார்கள். எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, பதிலுக்கு நமக்கு ஒரு மூன்று புள்ளி முயற்சி. ரெண்டு கொடுத்து மூணு வாங்கும் வியாபாரம்தான்.

முப்பது புள்ளியைத் தாண்டுவது அபூர்வம். 1996இல் டென்வரிடம் இடைவேளையில் 36-70 என்றிருந்த உட்டா ஜாஸ் 107-103 என ஜெயித்ததை இன்னும் பேசுகிறார்கள் என்றால், அப்படி அடிக்கடி நடப்பதில்லை என்றுதானே அர்த்தம்? தோற்றவன் தோற்றபடியே போன ஆட்டத்தை யாரும் உங்கள் செல்போனுக்கு அனுப்புவதில்லை.

என்.பி.ஏ. சுத்தத் தங்கம் என்று சொல்லவில்லை. டிம் டோனகி என்ற நடுவர், தான் விசிலடித்த ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டி, 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறைக்கும் போனார். ஆனால் சூதாட்டக்காரன் ஊரே வாய்பிளந்து பார்க்கும் ஆட்டத்திலா கை வைப்பான்? சந்தேகப்பட்டே தீருவேன் என்றால், நீங்கள் பாதியில் சேனலை மாற்றிய ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.